அடி எடுத்துக் கொடுத்தவள்

செவ்வாய்க்கிழமை காலையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது.

எப்சிபா முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். முந்தைய நாள் முழுக்கப் பன்றி இறைச்சிக்கு உப்புத் தடவிய கை. விரலிடுக்கில் எங்காவது ஒட்டியிருக்கும் என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வாளியை மறுபடி இறக்கி இறைத்து, மரக்குவளையில் மொண்டு குடித்தாள். அப்போதும் கரித்தது. கசப்பும் கொஞ்சம் அழுகலும் கலந்து, தொண்டையில் இறங்காமல் மூக்கின் பின்பக்கம் ஏறுகிற கரிப்பு. பாஸ்டன் துறைமுகத்தில் காற்றடிக்கும்போது வாயைத் திறந்தால் நாக்கில் வந்து படியுமே, அதே கரிப்பு. அவர்கள் ஊரான கிரேன்ஃபர்டிலிருந்து கடல் நான்கு நாள் நடை.

"என்னங்க, இந்தத் தண்ணியைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

அவள் கணவன் யாபேஸ் கோடாரியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். புறங்கையால் தாடியைத் துடைத்தான்.

"தண்ணி தண்ணியாத்தான் இருக்கு."

"கரிக்கலையா?"

"நாளன்னிக்கு ஊரே உன் சாட்சியைக் கேக்கப் போகுதுல்ல, அந்தப் படபடப்புடி உனக்கு. எனக்குத் தூக்கம் போச்சு, உனக்கு நாக்கு கரிக்குது." சிரித்துக்கொண்டே கோடாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று அவள் சுட்ட ரொட்டியும் கரித்தது. மக்காச்சோளக் கூழும் கரித்தது. மாலையில் ஜன்னல் பலகையில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பனி என்று எண்ணித் துடைக்கப் போனாள். விரல் சூட்டில் அது உருகவில்லை, நறநறவென்று உதிர்ந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை நன்றி செலுத்தும் நாள். அன்று ஜெபவீட்டில் போதகர் கில்லம் எப்சிபாவின் சாட்சியை முழுவதுமாக வாசிப்பார். அடுத்த வாரம் அது அச்சுக்கு பாஸ்டன் போகும். முந்தைய வருடம், குடியேறியவர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் நடந்த குளிர்காலத்தில், நிப்மக் என்ற பூர்வகுடியின் வீரர்கள் ஊருக்குத் தீ வைத்து அவளையும் ஆறு வயது மகள் ரோதாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். யாபேஸ் அன்று படையோடு வெளியூரில் இருந்தான். மகள் வழியில் செத்தாள். தாய் பதினோரு வாரம் பனியிலும் பட்டினியிலும் கிடந்து, விசுவாசத்தை விடாமல் உயிரோடு திரும்பினாள். இதுதான் சாட்சி. ஊரில் இதைக் கேட்டு அழாத பெண் கிடையாது. முன்பு ஜெபவீட்டில் நான்காம் வரிசையில் உட்கார்ந்த எப்சிபாவை இப்போது முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள்.

சாட்சியில் இல்லாத ஒரு பெயர் உண்டு. கேத்தூராள்.

அவளும் நிப்மக் பெண்தான். ஆனால் ஞானஸ்நானம் வாங்கி, தன் பாஷையில் வேதம் படித்து, கிறிஸ்தவர்களான பூர்வகுடிகள் வாழும் ஜெபக்கார ஊர் ஒன்றில் குடியிருந்தவள். போரில் இறங்கிய அவளுடைய சொந்த ஜனமே அவளையும் அறுவடை வயலிலிருந்து பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஆகவே அந்த முகாமில் கைதிகள் இரண்டு பேர். ஒன்பதாம் நாள் ரோதா மூச்சை விட்டபோது, எப்சிபா வானத்தைப் பார்த்து, மேலே ஒருவரும் இல்லை, இருந்ததும் இல்லை என்று கத்தினாள். அதைக் கேட்டவள் கேத்தூராள் ஒருத்திதான். அவள் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கம்பளியில் சுற்றி, உறைந்த மண்ணைக் கொம்பால் கிளறிப் புதைத்துவிட்டு வந்தாள். தன் பங்குக் கிழங்கில் பாதியை எப்சிபாவின் வாயில் ஊட்டினாள். பிறகு உட்கார்ந்து சங்கீதத்துக்கு அடி எடுத்துக் கொடுத்தாள்.

ஜெபவீட்டில் எல்லாரிடமும் புத்தகம் கிடையாது. சபை ஊழியரான டீக்கன் ஒரு அடியைச் சொல்வார், நிறுத்துவார், சபை அதை இழுத்துத் திருப்பிப் பாடும். பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம். காதில் அடி விழுந்தால் வாய் தானாகத் திறந்துவிடும். கேத்தூராள் மூன்று மாலைகள் அடி எடுத்துக் கொடுத்து, நிறுத்தி, காத்திருந்தாள். பதில் இல்லை. நான்காம் மாலை எப்சிபாவின் வாய் திறந்தது. அவள் பிழைத்தது அப்படித்தான். ஆழத்திலிருந்து கூப்பிடுகிறவனின் சங்கீதம் அது.

சாட்சியில் இது தலைகீழாக இருந்தது. காட்டாரின் நடுவே எப்சிபா பாடினாள், அவர்கள் வாயடைத்துக் கேட்டார்கள்.

போர் முடிந்த ஆகஸ்டில் கேத்தூராள் தானாகவே வந்து சரணடைந்தாள். ஒரு வெள்ளைத் துணியையும் எப்சிபா என்ற ஒரு பெயரையும் நம்பி வந்தாள். பாஸ்டன் சிறை முற்றத்தில் நீதிபதி எப்சிபாவைக் கூப்பிட்டு, இவள் உனக்குச் சோறு போட்டதாகச் சொல்கிறாளே, உனக்கு இவளைத் தெரியுமா என்று கேட்டார். போதகர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நகரத்துச் சீமாட்டிகள் கைக்குட்டையோடு நின்றிருந்தார்கள். தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியில் அந்தப் பனிக்காடும் அவள் கத்திய கத்தலும் வெளியே வரும்.

"எனக்கு இவளைத் தெரியாது" என்றாள் எப்சிபா.

கேத்தூராள் அழவில்லை. அடி எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்துவாளே, அதே போல முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக் காத்துக்கொண்டு நின்றாள். காவலர்கள் தோளைப் பிடித்துத் திருப்பும் வரைக்கும் நின்றாள். கரும்புத் தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு அவளை அடிமையாக விற்றார்கள்.

இப்படிச் செய்துவிட்டு ஒரு பெண் வருடம் முழுக்க நன்றாகத் தூங்க முடியுமா என்று கேட்கலாம். எப்சிபா தூங்கினாள். அது சொல்லப்பட வேண்டியதுதான்.

புதன்கிழமை பிற்பகல் போதகர் கில்லம் சாட்சிக் காகிதங்களோடு வந்தார். அடுப்பருகே உட்கார்ந்து, ஆப்பிள் மதுவை உறிஞ்சியபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்கு மது கரிக்கவில்லை.

"இந்த ஒரு இடம்தாம்மா இடிக்குது. பட்டினியில கெடந்தப்ப கெழங்கு கெடச்சுதுன்னு இருக்கு. யார் குடுத்தா? படிக்கிறவன் கேப்பான்ல?"

"கர்த்தர் குடுத்தார் ஐயா."

"அது சரி. கர்த்தர் யார் கையில குடுத்தனுப்பினார்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "சரி விடுங்க, காக்கா கொண்டு வந்து குடுத்த கதையெல்லாம் வேதத்துலயே இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

கிளம்பும்போது, கையுறையை மாட்டிக்கொண்டே, ஏதோ ஆட்டு விலை சொல்கிற மாதிரி சொன்னார். "உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, போன வருஷம் தீவுக்குக் கைதிகளை ஏத்திட்டுப் போன கப்பல் போய்ச் சேரவே இல்லையாம். புயல்ல முங்கிடுச்சு. தப்பிச்சு வந்த மாலுமி ஒருத்தன் இப்பத்தான் பாஸ்டன்ல வாயத் தொறந்திருக்கான். அடித்தட்டுல சங்கிலியோட அம்பது அறுவது பேர். தண்ணி ஏற ஏற ஒரு பொம்பளை அடி எடுத்துக் குடுத்தாளாம், மிச்சப் பேர் பாடினாங்களாம். நம்ம மெட்டுதான், அவங்க பாஷை. கழுத்து மட்டும் ஏறினப்புறமும் பாடினாங்கன்னு சொல்லிட்டு அவன் குடிச்சுக்கிட்டே கெடக்கானாம்."

எப்சிபா கதவின் தாழைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முகம் ஏன் வெளுத்துப்போச்சு? சாட்சியில ஏதாவது சேக்கணுமா அம்மா? இப்பன்னாலும் சேத்துடலாம்."

வாசலுக்கு வெளியே கிணறு தெரிந்தது. இறைக்கும் கம்பு காற்றில்லாமலே மெதுவாக ஏறி இறங்கியது.

"ஒண்ணும் இல்ல ஐயா. எல்லாம் அதுல இருக்கு."

அவர் குதிரையின் குளம்புச் சத்தம் பாலத்தைத் தாண்டி ஓய்ந்த பிறகு வீடு அமைதியானது. யாபேஸ் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். வெயில் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கி, பனியின் மீது நீலம் படர்ந்து, அடுப்பில் ஓக் கட்டை வெடிக்கும் சத்தம் வழக்கத்தைவிட உரத்துக் கேட்க, எப்சிபா மேசையில் காயவைப்பதற்காகப் பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வாசனை சுவரிடுக்குகளில் கசிந்து வந்தது. ஈரக் கயிறு, தார், கடற்பாசி, நெடுநாள் மூடிவைத்த மரப்பலகை. அவள் பயந்தால் செய்வதைச் செய்தாள். தன்னை அறியாமல், சன்னமாக, சங்கீதத்தின் முதல் அடியைச் சொன்னாள். பேய் பிசாசு எதுவானாலும் வெளியிலிருந்து வருவது. சங்கீதம் உள்ளே இருப்பவர்களுடையது. அதைக் கேட்டால் வந்தது ஓடிவிடும். கிரேன்ஃபர்டில் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

அடியைச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினாள்.

வெளியே யாரோ அதைத் திருப்பிப் பாடினார்கள்.

ஆழத்திலிருந்து வந்தது. கல் சுவரில் மோதி மோதி ஏறி வந்தது. ஒரு குரல்தான், ஆனால் அதற்கு அடியில் இன்னும் பல குரல்கள் வாயில் தண்ணீரோடு பாடுவது போலக் குழறின. மெட்டு பிசகவில்லை. ஒவ்வொரு அசையையும் ஜெபவீட்டில் இழுப்பது போலவே இழுத்து முடித்துவிட்டு, நின்றது. அடுத்த அடிக்குக் காத்திருந்தது.

எப்சிபாவின் கையிலிருந்து கத்தி விழுந்தது. யாபேஸாக இருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரியாக இருக்கும். மிரண்டவள் என்ன செய்வாள், இன்னும் உரக்க இரண்டாம் அடியைச் சொன்னாள். அது திருப்பிப் பாடியது. மூன்றாம் அடி. அது பாடியது. ஓடிப்போவதற்குப் பதிலாக ஒவ்வொரு அடிக்கும் ஒரு கல் மேலே ஏறி வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சங்கீதம் அவளுடையது அல்ல. அதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தவளுடையது. தன்னுடையதைக் கேட்டு யார் ஓடுவார்கள்?

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்புக் கட்டை வெடித்தது. பிறகு கிணறு தானே அடி எடுத்துக் கொடுத்தது.

பொத்திய விரல்களுக்குள் எப்சிபாவின் உதடு திறந்தது. அவள் திறக்கவில்லை, பழக்கம் திறந்தது. அவள் பாடினாள்.

"நல்லா பாடுற அக்கா." கதவுக்கு மிக அருகில். ஈரமாக. "எனக்குப் பாட்டு வேணாம். வார்த்தைதான் வேணும். தெரியும்னு ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடு. உன் பிள்ளை எங்கிட்டதான் இருக்கா. கொண்டாந்து விடுறேன்."

யாபேஸ் வந்தபோது அவள் கிணற்றின் மீது பலகையைப் போட்டு, பலகையின் மீது கருங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது.

"எலி விழுந்துடுச்சு" என்றாள்.

அவன் அவளை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, தன் கையாலேயே விரலுக்குத் துணி சுற்றிவிட்டான். முரட்டுக் கை. கட்டி முடித்தும் விடவில்லை.

"எப்சி, ஒண்ணு கேக்கட்டுமா? ரோதாவை எங்க பொதச்சாங்கன்னு உனக்குத் தெரியாதுன்னு சொன்ன. யாருக்காவது தெரிஞ்சிருக்குமா? ஒரு கல்லு நட்டு வச்சாப் போதும் எனக்கு. அன்னிக்கு நான் வீட்ல இல்ல. உன் சாட்சியைக் கேட்டுக் கேட்டுத்தான் என் மனசு நிக்குது. நீ விசுவாசத்தை விடல, அதனால நானும் விடல."

இப்போது சொல்லியிருக்கலாம். ஒருத்திக்குத் தெரியும் என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வந்திருக்கும். அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினாள். அது கரித்தது.

"யாருக்கும் தெரியாது."

வியாழக்கிழமை ஜெபவீடு நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உள்ளே நெருப்பு கிடையாது என்பதால் மூச்செல்லாம் புகையாக எழுந்தது; பெண்கள் காலடியில் கனல் பெட்டிகளை வைத்துப் பாவாடையால் மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், கதவோரம், ஒரு பெஞ்சு காலி. போருக்கு முன்னால் ஜெபக்கார நிப்மக் ஜனங்கள் வந்தால் அங்கே உட்காருவார்கள். இப்போது ஈரமான மேலங்கிகளை அதில் போட்டு வைக்கிறார்கள்.

முதல் வரிசையிலிருந்து எப்சிபா அந்தப் பெஞ்சைப் பார்க்க முடியாது. ஆனாலும் முதுகில் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போதகர் வாசித்தார். ஊர் எரிந்தது, பனி பெய்தது, பிள்ளை செத்தது. பெண்கள் விசும்பினார்கள். கர்த்தர் கிழங்கு கொடுத்தார். காட்டாரின் நடுவே ஒருத்தி பாடினாள். வெளிச்சம் ஜன்னலில் மங்கிக்கொண்டே வந்து, அவர் கடைசிப் பக்கத்தை முடித்தபோது, நான்கு மணிக்கே எதிரில் இருப்பவரின் முகம் மட்டுமே தெரிந்தது. எப்சிபாவின் காலடியில் இருந்த கனல் பெட்டி உஸ்ஸென்று அணைந்தது.

குனிந்து பார்த்தாள். பலகைத் தரையின் இடுக்குகளில் தண்ணீர் மின்னியது.

டீக்கன் பார்ஸ்லோ எழுந்தார். ஊரிலேயே உரத்த குரல் அவருக்கு. ஆழத்திலிருந்து கூப்பிடுகிறவனின் சங்கீதத்துக்கு முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். சபை திருப்பிப் பாடியது. சபை பாடி முடித்த பிறகு, ஒரு மூச்சு பிந்தி, கடைசிப் பெஞ்சு பாடியது.

யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

டீக்கன் இரண்டாம் அடிக்கு வாயைத் திறந்தார். வந்தது அவர் குரல் அல்ல.

"பசித்துக் கிடந்தவளுக்கு என் பங்கைக் கொடுத்தேன்."

சபை பாடியது. அடி விழுந்தது, வாய் திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அசை அசையாக இழுத்து, நூற்றைம்பது பேர் பாடினார்கள்.

"பனியில் கிடந்த பிள்ளையை என் கையால் புதைத்தேன்."

பாடினார்கள். ஆண்கள் பக்கத்தில் யாபேஸின் குரல் தனியாகக் கேட்டது. அவன் என்ன பாடுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. குளிர் எலும்பைப் பிடித்தது.

"அவள் விட்ட விசுவாசத்தை நான் பிடித்து வைத்தேன்."

பாடினார்கள்.

பிறகு நிறுத்தம். நீண்ட நிறுத்தம். டீக்கன் திறந்த வாயோடு நின்றார். சபை தலைகுனிந்து நின்றது. எப்சிபா மெதுவாகத் திரும்பினாள்.

கடைசிப் பெஞ்சு நிறைந்திருந்தது. தோளோடு தோள் நெருக்கி, மணிக்கட்டில் சங்கிலியோடு, முடியிலிருந்து நீர் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கேத்தூராள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தாள். சிறை முற்றத்தில் சாய்த்த அதே சாய்வு. மடியில் கம்பளியில் சுற்றிய ஒரு பிள்ளை.

காத்திருந்தாள்.

ஒரு வார்த்தை. தெரியும். அவ்வளவுதான். எப்சிபா வாயைத் திறந்தாள். போதகரின் கையில் காகிதங்கள் தெரிந்தன. முதல் வரிசை தெரிந்தது. பக்கத்தில் டீக்கனின் மனைவி, முன்பு தன்னை நான்காம் வரிசையில் பார்த்தவள்.

வாயை மூடிக்கொண்டாள்.

கேத்தூராளின் முகம் நிமிர்ந்தது. அதில் இப்போது பொறுமை இல்லை. குனிந்து பிள்ளையின் காதில் என்னவோ சொன்னாள். பின்பு கம்பளியை விலக்கினாள்.

ரோதா. கன்னத்தில் மண். கண் இமையில் உப்பு. பாடக் கற்றுக்கொண்ட நாளில் நின்றது போல நெஞ்சை நிமிர்த்தி எழுந்து நின்றாள். விரலை நீட்டித் தாயைக் காட்டினாள். அடி எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கு இவளைத் தெரியாது."

சபை முழுவதும் எப்சிபாவின் பக்கம் திரும்பியது. கண்கள் இப்போது திறந்திருந்தன. இழுத்து, நிறுத்தி, அசை அசையாக, போதகரும் டீக்கனும் பெண்களும் பிள்ளைகளும் பாடினார்கள். எனக்கு. இவளை. தெரியாது. ஒவ்வொரு அசைக்கும் அவர்கள் வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்னங்க" என்றாள். "என்னங்க, நான் எப்சி."

யாபேஸ் அவளைப் பார்த்தான். வழியில் எதிர்ப்பட்ட யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான். தாடியில் உப்புநீர் சொட்ட, அடியை அழகாக முடித்தான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ரோதா மறுபடி முதலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, தாய்க்காகக் காத்திருந்தாள்.

எப்சிபாவின் வாய் திறந்தது. எல்லாரோடும் சேர்ந்து, மெட்டுப் பிசகாமல், அவளும் பாடத் தொடங்கினாள்.